மடங்கிய கத்தி, மடங்காத விரல்

ஐயா எனக்குக் கொடுத்த பேனாக்கத்தியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அது இப்படி ஓர் ஆஸ்பத்திரிக் கதையாக வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. விரலில் கத்தி பட்டால் எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் போக வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்று அன்றைக்கு யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாயும் முக்கால் வருஷமும் மிஞ்சியிருக்கும். பணத்தை விடுங்கள். வலது கை ஆட்காட்டி விரல் இன்றைக்கும் முழுசாக மடங்குவதில்லை.

முதலில் கத்தியின் கதை. ஐயா, அதாவது என் அப்பாவின் அப்பா, பதினாலு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனார்கள். அங்கே ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன். கடையிலேயே இளையவன் அவன்தான். கூட்டுவது, தண்ணீர் எடுத்து வைப்பது, வசூலுக்குப் போகிறவர் பின்னால் நடப்பது, ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பழகுவது எல்லாம் அவன் வேலை. மூணு வருஷக் கணக்கு முடித்து ஊருக்கு வர வேண்டிய சமயத்தில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். 1941 டிசம்பரில் பினாங்கில் குண்டு விழுந்தது. அதன்பிறகு ஊருக்குக் கப்பலும் இல்லை, கடுதாசியும் இல்லை. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டும் மரவள்ளிக் கிழங்குமாகக் காலம் தள்ளி, 1946-ல்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். அந்தக் கிழங்குகளைச் சீவித் தின்ற கத்திதான் இது. எலும்புப் பிடி, உள்ளே பித்தளைத் தகடு, பெரிது ஒன்றும் சிறிது ஒன்றுமாக இரண்டு அலகு. பெரிய அலகின் அடியில் ஷெஃபீல்ட் என்ற எழுத்து பாதி தேய்ந்திருக்கும். நகத்தைப் போட்டு இழுக்கச் சின்னதாக ஒரு பள்ளம். விரித்தால் கடைசியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே நாங்கள் பேரப்பிள்ளைகள் ஐயாவின் சாய்வு நாற்காலியைச் சுற்றிக் கிடப்போம்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை லீவில் அது எனக்கு வந்தது. பேரன்கள் நாலு பேர் இருக்க, எனக்கு. அப்பத்தாவுக்கு அதில் சம்மதம் இல்லை. “பொம்பளப் புள்ள கையில கத்தியா? நல்லாருக்கு போங்க” என்றார்கள். “கொட்டான் முடையுதுல்ல, ஓலை கிழிக்க ஆவும்” என்றார்கள் ஐயா. அப்போது நான் அப்பத்தாவோடு உட்கார்ந்து பனை ஓலையில் கொட்டான், அதாவது சின்ன ஓலைக்கூடை, முடையப் பழகிக்கொண்டிருந்தேன். ஓலையை ஒரே அகலத்தில் நறுக்குவதுதான் அந்த வேலையில் கஷ்டம். அது சரியாக வந்துவிட்டால் மீதி எல்லாம் விரலுக்குத் தெரியும். கையை நீட்டினேன். ஐயா கொடுக்கவில்லை. பட்டாலையில் கத்தியை வைத்துவிட்டு, “இரும்பக் கைக்குக் கை வாங்கப்படாது ஆத்தா. அந்தா வச்சிருக்கேன், எடுத்துக்க” என்றார்கள். கூடவே மூணு விஷயம் சொன்னார்கள். அலகைத் துடைக்காமல் மடக்காதே, நடக்கும்போது விரித்து வைத்திருக்காதே, தேங்காய் எண்ணெய் போடாதே, பிசின் பிடித்துவிடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். மூன்றையும் இன்றுவரை காப்பாற்றுகிறேன். எலுமிச்சம்பழம் நறுக்கினால் அலகு கறுத்துப் போகும் என்பதும், அது பழைய எஃகுக்கு உள்ள இயல்பு, கெட்டுப் போனதில்லை என்பதும் நானாகக் கண்டுகொண்டது. சரஸ்வதி பூஜைக்கு அரிவாள்மனை, கத்தரிக்கோல் பக்கத்தில் அதற்கும் சந்தனப் பொட்டு உண்டு. கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தபோதும் என் கைப்பையிலேயே வந்தது.

நாலாவதாக ஒன்று உண்டு, அதை யாரும் சொல்லவில்லை. இந்த மாதிரிக் கத்திகளில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகோரம் ஓடுகிற ஒரு ஸ்பிரிங் பட்டைதான் அலகை விரித்த நிலையில் நிறுத்தி வைக்கிறது. கூர்ப் பக்கத்தை அழுத்தி நறுக்கும்வரை ஆபத்தில்லை, அழுத்த அழுத்த அலகு திறந்த பக்கமே தள்ளப்படும். ஆனால் முனையால் எதையாவது குத்தி, அது மாட்டிக்கொண்டு, நாம் திருகினால், விசை அலகின் முதுகுப் பக்கம் திரும்பிவிடும். அப்போது அலகு பிடிக்குள் போகும். பிடியில் அந்தப் பள்ளத்தின் மேல் என்ன இருக்கிறது? நம்முடைய நாலு விரல்கள். எண்பது வருஷம் ஓடிய ஸ்பிரிங் என்றால் கேட்கவே வேண்டாம். உங்கள் வீட்டிலும் ஐயா, தாத்தா வைத்திருந்த கத்தி இருந்தால், விரித்து, விரல்களைப் பள்ளத்துப் பக்கம் வைக்காமல் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை ஒரு மரக்கட்டையில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். லேசாகத் தட்டியதுமே மடங்குகிறதென்றால் அது இனி பெட்டியில் வைத்துப் பார்க்க மட்டும்தான். பிள்ளைகளுக்கு முதல் கத்தி வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் விரித்ததும் பூட்டிக்கொள்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். எதுவானாலும் குத்துகிற வேலை, துளை போடுகிற வேலை மடக்குக் கத்திக்கு ஆகாது.

நடந்தது ஊரில். முன்னோர்களுக்குச் செய்கிற படைப்புக்காக எல்லாரும் கூடி, முடிந்து, அவரவர் கிளம்பிப் போய்விட்டார்கள். ஓடு மாற்றுகிற ஆளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் மட்டும் தங்கினேன். எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒவ்வொரு வீடும் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நிற்கும், ஆனால் ஆள் இருக்கிற வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மத்தியானம், இரண்டாங்கட்டில் உட்கார்ந்து, மிஞ்சிய தேங்காய் ஒன்றின் கண்ணைக் கத்தி முனையால் குத்தித் தண்ணீர் குடிக்கலாம் என்று பார்த்தேன். முனை உள்ளே போய் மாட்டிக்கொண்டது. திருகினேன். அதே ‘டக்’ சத்தம், இந்தத் தடவை மூடுகிற சத்தம். வலிக்கவில்லை. சத்தியமாக வலிக்கவில்லை. ஆட்காட்டி விரலின் உள்பக்கம், நடுக்கணுவுக்குச் சற்றுக் கீழே, அரை அங்குலம்கூட இல்லாத ஒரு கோடு. பிறகுதான் ரத்தம். சிவப்பு ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, எவ்வளவு போயிருக்கிறது என்றே தெரியவில்லை, கால் வழுக்கியபோதுதான் தெரிந்தது.

அப்போது செய்ததில் சிலது சரியாகவே செய்திருக்கிறேன் என்று பின்னால் டாக்டர் சொன்னார். குழாய்த் தண்ணீரில் காட்டிக் கழுவினேன், சுத்தமான துண்டை மடித்து வைத்து அழுத்திப் பிடித்தேன், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிக்கொண்டேன், வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றினேன். ரப்பர் பேண்டோ கயிறோ போட்டு இறுக்கக் கூடாது. காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. உள்ளே என்ன அறுந்திருக்கிறது என்று பார்க்கிறவருக்கு அது தொந்தரவு. இடது கையால் முகப்புக் கதவைப் பூட்டுவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சாவியே முழங்கை நீளம். கூப்பிட்டால் ஓடிவர ஒருவர் இல்லை. என் வீட்டுக்காரர் துபாயில், மகள் ஹாஸ்டலில் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கும் சொல்லவில்லை.

ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஊரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். கத்தி என்றதுமே வரவேற்பில் இருந்த பெண், “யாராச்சும் குத்திட்டாங்களா? எம்.எல்.சி. போடணுமே” என்றது. போலீஸுக்குத் தகவல் போகிற கேஸ் என்று பதிவு செய்வது அது. தேங்காய் என்றேன். நம்பின மாதிரித் தெரியவில்லை. இதற்காகப் பயந்து ‘கண்ணாடி கிழித்துவிட்டது’ என்றெல்லாம் மாற்றிச் சொல்லாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லி, ‘தேங்காயைக் குத்தும்போது தவறுதலாகத் தானே வெட்டிக்கொண்டது’ என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். என் சீட்டில் ‘கத்தி வெட்டு’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள், பிற்பாடு இன்சூரன்ஸ்காரர்கள் அந்த ஒரு வரியை வைத்து என்னைப் படுத்தி எடுத்துவிட்டார்கள். கத்தியே சட்டவிரோதமோ என்று ஒரு சொந்தக்காரர் வேறு கிளப்பிவிட்டார். ஆயுதச் சட்ட விதிகளில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள், அதிலும் வீட்டு வேலை, விவசாய வேலைக்கானவை சேராது. பேனாக்கத்தி அதில் எந்தப் பக்கமும் வராது. விமானத்தில் கைப்பையில் மட்டும் கொண்டுபோக முடியாது, உள்ளே போடுகிற பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

டாக்டர் நல்ல மனுஷர்தான், அன்றைக்குக் கூட்டம் அதிகம். மரப்பு ஊசி போட்டார், நாலு தையல் போட்டார், டி.டி. ஊசி, ஆன்டிபயாடிக் எழுதினார். “விரல் நுனியில ஒரு பக்கம் உணர்ச்சியே இல்லையே டாக்டர்” என்றேன். “மரப்பு ஊசி போட்டிருக்கேன்ல, அப்படித்தான் இருக்கும்” என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மருந்தோடு சேர்த்து 4,200 ரூபாய். விரலை மடக்கச் சொல்லி அவர் பார்க்கவில்லை. எனக்கு ஆன செலவு, அலைச்சல் எல்லாம் அந்த அரை நிமிஷத்தில் இருக்கிறது.

அதனால் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். உள்ளங்கைப் பக்கமோ விரலின் உள்பக்கமோ கத்தி, கண்ணாடி, தகரம் எது வெட்டினாலும், காயம் எத்தனை சின்னதாக இருந்தாலும், மரப்பு ஊசி போடுவதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, கையைத் தளர்த்தி மல்லாக்க வைத்தால் நாலு விரலும் தாமாகவே கொஞ்சம் சுருண்டிருக்கும், ஆட்காட்டியில் குறைவாக, சுண்டு விரலில் அதிகமாக. அறுபட்ட விரல் மட்டும் அந்த வரிசையில் சேராமல் நேராகக் கிடக்கும். அடுத்து, நடுமூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கிப் பார்ப்பது. நுனி அசையவே இல்லையென்றால் உள்ளே டெண்டன் அறுந்திருக்கிறது. தசையை எலும்போடு இணைக்கிற வெள்ளைக் கயிறு அது, நாம் பொதுவாக ‘நரம்பு’ என்று சொல்லிவிடுவோம். வலியோடு மடங்கினாலும் பாதி அறுந்திருக்க வாய்ப்புண்டு, விட்டுவிடக் கூடாது. மூன்றாவது, நுனியின் இரண்டு பக்கமும் தனித்தனியே தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது, ஏனென்றால் நிஜமான நரம்பு விரலின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றாக ஓடுகிறது. ஊசி போட்ட பிறகு இதைக் கேட்டால் எனக்குக் கிடைத்த பதில்தான் கிடைக்கும்.

தையல் பிரித்தார்கள். விரல் நேராகவே இருந்தது. “வீக்கம் வடிஞ்சா மடங்கும், ரப்பர் பந்து வாங்கி அமுக்குங்க” என்றார்கள். சென்னைக்கு வந்து பந்தை அமுக்கினேன். மற்ற மூன்று விரலும் பந்தைப் பிடிக்கும், இது மட்டும் யாரையோ சுட்டிக்காட்டிக்கொண்டு நிற்கும். ரசம் சாதம் பிசைய வரவில்லை. துணி அலசி முடித்துப் பார்த்தால் எல்லா விரல் நுனியும் ஊறிச் சுருங்கியிருக்க, இந்த விரலின் ஒரு பக்கம் மட்டும் மொழுமொழுவென்று இருந்தது. வேடிக்கையாக இருக்கிறதே என்று நினைத்தேனே தவிர, நரம்பு அறுந்த தோல் தண்ணீரில் சுருங்காது என்பது எனக்குத் தெரியாது. சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு டாக்டர்களே இதை வைத்துக் கண்டுபிடிப்பதுண்டாம். இப்படி ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது.

ஒரு கல்யாணத்தில் என் அண்ணன் மகள் பார்த்தாள். பிசியோதெரபி படிக்கிறாள். “அயித்தை, கையத் தளர்த்தி மடியில வைங்க பாப்போம்” என்றாள். வைத்தேன். மணிக்கட்டைப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள். மற்ற விரல்கள் தானே சுருண்டன, இது சுருளவில்லை. அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுநாளே கை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், அறுந்த முனை விரலிலேயே இல்லை. அறுந்த கிணற்றுக் கயிறு உள்ளே விழுவதுபோல உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. முதல் சில நாட்களுக்குள், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் முனைகளை இழுத்து நேரே தைத்திருக்கலாம் என்றார். அதற்கு மேல் போனால் தசை சுருங்கிவிடுகிறது, டெண்டன் ஓடுகிற குழாயும் தழும்பு பிடித்து அடைத்துக்கொள்கிறது. இனி வேறு இடத்திலிருந்து ஒரு டெண்டனை எடுத்து ஒட்டுப்போட வேண்டும். ஆட்டோவில் வீடு வரும்வரை அழுதேன். கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. அந்த டாக்டர் மேலா, பந்தை அமுக்கச் சொன்னவர்கள் மேலா, ‘ஒரு விரல்தானே’ என்ற எல்லார் மேலுமா.

முன்கையில் பால்மாரிஸ் லாங்கஸ் என்று ஒரு மெல்லிய டெண்டன் இருக்கிறது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நுனி தொட மணிக்கட்டை மடக்கினால் நடுவில் கயிறாகப் புடைக்கும். எடுத்துவிட்டாலும் கை வேலைக்குக் குறைவில்லை. சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, எனக்கு இருந்தது. அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்க வைத்துச் செய்தார்கள். விரல் நரம்பையும் சேர்த்துத் தைத்தார்கள். அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். எல்லாமாக 1,65,000 ரூபாய். இன்சூரன்ஸில் பல கடிதத்துக்குப் பிறகு 70,000 வந்தது. பிசியோதெரபிக்கு ஒரு தடவைக்கு 600, விரலை அசையாமல் தாங்குகிற ஸ்பிளின்ட் பட்டைக்கு 2,500, இரண்டையும் அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. அலுவலகத்தில் சம்பளமில்லாத விடுப்பு வேறு.

அறுவை சிகிச்சை பாதிதான், மீதி பிசியோதெரபி என்பார்கள். என்னைக் கேட்டால் முக்கால்வாசி பிசியோதெரபி. தையல் காய்வதற்குள்ளேயே ஆரம்பித்துவிட வேண்டும், ஆனால் அவர்கள் சொன்ன அளவுக்கு மேல் ஒரு மயிரிழை போகக் கூடாது. அசைக்காமல் விட்டால் ஒட்டிக்கொள்ளும், அதிகம் அசைத்தால் அறுந்துவிடும். ஆறு வாரம் கையின் பின்பக்கம் ஸ்பிளின்ட், மூணு மாசத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. அந்த ஆறு வாரமும் இடது கை வாழ்க்கை. ஒரு சஷ்டியப்தபூர்த்திப் பந்தியில் ஸ்பூன் கேட்டபோது பரிமாறியவர் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. தனியாக இருக்கிறவர்கள் ஆபரேஷனுக்கு முன்னாலேயே பாங்கு வேலையை முடித்துவிடுங்கள். கையெழுத்து மாறிவிட்டதென்று என் காசோலை ஒன்று திரும்பி வந்தது.

யாரிடம் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் மூக்கை அழகு பண்ணுகிறவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அறுந்த விரலைச் சேர்ப்பவர்கள் அவர்கள்தான், அதிலும் கைக்கென்றே தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நம் மாநிலத்தில் இதற்குக் குறைவே இல்லை. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு டெண்டன் மாற்றி வைத்து உலகத்துக்கே வழிகாட்டினார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கட்டியெழுப்பிய கை அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, அங்கே காசு வாங்குவதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம், காரைக்குடியிலிருந்து மதுரை இரண்டு மணி நேரம். அன்றைக்கே தைத்தாக வேண்டும் என்றுகூட இல்லை. காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டுக்கொண்டு மறுநாள் நிபுணரிடம் போனாலும் பலன் கிடைக்கும். இதெல்லாம் இருந்தும் நான் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால்தான் ஆற மாட்டேனென்கிறது.

இப்போது நடுமூட்டு நன்றாக மடங்குகிறது, நுனி பாதிக்குக் கொஞ்சம் குறைவு. சாதம் பிசைய வருகிறது. ஊசியில் நூல் கோர்க்க வருகிறது, கோலப்பொடியை நூல் போல விட வரவில்லை. உணர்ச்சி முக்கால்வாசி திரும்பியிருக்கிறது, குளிர் காலத்தில் மட்டும் நுனி விறுவிறுவென்று இருக்கும். ஒட்டிக்கொண்ட இடத்தை விடுவிக்க இன்னொரு சின்ன ஆபரேஷன் செய்து பார்க்கலாம், பலன் உறுதியில்லை, 60,000 ரூபாய் ஆகும், மறுபடி மூணு மாசம் பிசியோதெரபி என்றார் டாக்டர். யோசித்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.